தங்கச் சுரங்கத்தில் ஒளிப் பொறிகள்

கோலார் தங்க வயலின் வரவு செலவுக் கணக்கில் தங்கம் ஒன்றே வருவாய்ப் பொருளாக இடம்பெற்று வந்தது. ஏட்டில் ஏறாத மற்றொரு பயனும் அச்சுரங்கங்களால் விளைந்தது. அதுவே நிலத்தடிப் பௌதிக ஆய்வு.

காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான், நியூட்ரினோ முதலிய துகள்கள் தோன்றுகின்றன. மியூவான்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோவைத் தடுக்காது. ஆகவே, ஆழ்ந்த சுரங்கம் இயற்கையான வடிகட்டியாகிறது. 1960-களின் தொடக்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் மிக ஆழமான மட்டமொன்றில் கருவியை நிறுவி ஏறத்தாழ இரு மாதங்கள் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. பிற துறைகளில் தோல்வியென எண்ணப்படும் இம்முடிவே இங்கு நல்வாய்ப்பாயிற்று.

ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இம்முயற்சியில் இணைந்தன. சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் ஒருவகைப் பிளாஸ்டிக் பலகைகள் சுவர்போல் செங்குத்தாக நிறுத்தப்பட்டன. துகள் ஊடுருவும்போது இப்பிளாஸ்டிக்கில் முதலில் எழுவது புற ஊதா ஒளி. குறுகிய அலைநீளமுடைய அவ்வொளி நெடுந்தொலைவு செல்லாது. பிளாஸ்டிக்கில் கரைந்துள்ள சாயப் பொருள்கள் அதனை ஏற்று, அலைநீளம் மிகுந்த நீல ஒளியாக வெளியிடுகின்றன. அந்நீலப் பொறியை ஒளிமின் பெருக்கிக் குழல்கள் மின்துடிப்பாக மாற்றுகின்றன. பக்கவாட்டில் வரும் மியூவான் கடக்கவேண்டிய பாறை மிகப் பெரிது. எனவே கிடைமட்டத்தையொட்டி வந்த துகள், அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதியதால் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும். வளிமண்டல நியூட்ரினோக்கள் இவ்வாறு 1965-இல் கண்டறியப்பட்டன. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் இவ்வெற்றி கிட்டியது.

1980-இல் புரோட்டான் சிதைவைத் தேடி 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி இங்கு அமைக்கப்பட்டது. சில நிகழ்வுகள் சிதைவாக இருக்கலாமெனக் கூறப்பட்டபோதிலும், பிற நாடுகளின் பெரிய கருவிகள் அதனை உறுதிப்படுத்தவில்லை.

பொருளாதார மாணவர் கருதத்தக்கது வேறொன்று. கூண்டுத் தூக்கி, காற்றோட்டம், நீரிறைப்பு ஆகியவற்றின் செலவைத் தங்கமே தாங்கிற்று. ஆய்வு அதன் நிழலில் நடைபெற்றது. தங்கத் தொழில் நலிந்து ஆழ்மட்டங்கள் கைவிடப்பட்டபோது, 1990-களின் தொடக்கத்தில் ஆய்வும் முடிவுற்றது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இறைப்பு நின்றதும் நீர் நிரம்பியது. தொழிலாளரின் பிழைப்பையே கணக்கில் சேர்க்கத் தயங்கிய ஏடு, ஆய்வுக்கூடத்தின் மதிப்பைச் சேர்க்காததில் வியப்பில்லை.

தேனி மாவட்டத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015-இல் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பாலும் வழக்குகளாலும் பணி தடைப்பட்டது. 2017-இல் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் ஆய்வுக்கூடமொன்று திறக்கப்பட்டது. அதன் ஆழம் சுமார் 550 மீட்டர்.