தன்னையே வதைப்பது தக்வாவா?

ஒருநாள் மதீனாப் பள்ளிக்குள் நுழைந்த நாயகம் (ஸல்) அவர்கள், இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருக்கக் கண்டு விசாரித்தார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் நின்று தொழுது களைத்தால் பிடித்துக்கொள்ளக் கட்டியது என்றார்கள் தோழர்கள். உடனே அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். உற்சாகமுள்ளவரை தொழுது, சோர்ந்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர்களின் கட்டளை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது.

வணக்கத்திலேயே இவ்வளவு பரிவு! நம் வீடுகளிலோ, காய்ச்சலில் ரமளான் நோன்பு விடுபட்ட பெண்மணி, பெருநாள் கழிந்தும் தன்னைப் பாவி என்று ஏசிக்கொண்டு, சரியாக உண்ணாமல் உறங்காமல் வாடுகிறார். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாமென அல்லாஹ்வே சலுகை தந்திருக்க (2:185), இதென்ன தண்டனை? பேணுதல் என்பார்கள் சிலர். நாம் அப்படிக் கருதவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே, தமக்கு விடுபட்ட நோன்புகளை ஷஃபானில்தான் நோற்க முடிந்தது என்று கூறியிருக்கிறார்கள்.

அப்படியானால் பாவத்துக்கு வருந்த வேண்டாமா? வேண்டும், அது தவ்பாவின் அங்கம். ஆனால், வரம்பு மீறியவர்களைக்கூடத் தன் அடியார்கள் என்றே அழைத்து, தன் அருளில் நம்பிக்கையிழப்பதைத் தடுக்கிறான் இறைவன் (39:53). நோயுற்றவரோ பாவமே செய்யவில்லையே!

சகோதரியே, விடுபட்ட நோன்புகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். உடல் தேறியதும் ஒவ்வொன்றாக நோற்று, அடுத்த ரமளானுக்குள் முடித்துவிடுங்கள். இன்றைக்குக் கஞ்சியைக் குடித்துவிட்டு, இஷா தொழுது, நிம்மதியாகப் படுங்கள்.