பள்ளித் தோட்டத்தில் பாடம் எடுக்கிறீர்களா?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் விதைப்பு சிறுகீரையாக இருக்கட்டும். 25 நாளில் பறித்துவிடலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பொறுமை அவ்வளவுதான். விதை கடுகைவிடப் பொடி. அப்படியே கையில் கொடுத்தால் மொத்தமும் ஒரே இடத்தில் விழும். ஒரு பங்கு விதையோடு நாலைந்து பங்கு காய்ந்த மணலைக் கலந்து தூவச் சொல்லுங்கள். தண்ணீரைப் பூவாளியில்தான் தெளிக்க வேண்டும். குடத்தைக் கவிழ்த்தால் விதையெல்லாம் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும்.

பாத்தி 3 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். இருபுறமும் உட்கார்ந்தால் சின்னக் கை நடுவரை எட்ட வேண்டும், உள்ளே கால் வைக்கவே கூடாது. வகுப்பு மொத்தத்தையும் ஒரே பாத்தியைச் சுற்றி நிறுத்தாதீர்கள். ஒரு குழு களை எடுக்கட்டும், ஒன்று தண்ணீர் ஊற்றட்டும், இன்னொன்று இலையின் அடிப்பக்கம் பூச்சி முட்டை தேடட்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் அடிதடி நடக்கும். முறை வைத்து மாற்றிவிடுங்கள்.

ரசாயன மருந்து பள்ளி வாசலைத் தாண்டவே கூடாது. வேலியோரம் அரளி இருந்தால் பெரியவர்களே வேரோடு எடுத்துவிடுங்கள். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

பறித்த கீரையைப் பிள்ளைகளே சத்துணவுக் கூடத்துக்குக் கொண்டு போகட்டும். தான் தண்ணீர் ஊற்றிய கீரை என்றால் ஒதுக்கி வைக்க மனசு வராது. தட்டு கழுவும் தண்ணீரை வாழைக்குத் திருப்புங்கள். ஏப்ரலில் புதிதாக எதையும் விதைக்க வேண்டாம். விடுமுறையில் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றால் போதும். அவற்றுக்குத் தண்ணீர் விட பக்கத்து வீட்டில் யாரிடமாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.