தேடுபவர் கேட்பது என்ன?

ஒருவர் கணிப்பொறியில் ‘கிரகணம்’ என்ற ஒரே சொல்லைத் தட்டித் தேடுகிறார். அவருக்கு வேண்டியது என்ன? சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வருவதைப் பற்றிய பாடம் என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் எங்கள் கல்லூரியின் இணையதளத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். சந்திரன் தொலைவில் இருக்கும்போது சூரியத் தட்டை முழுதும் மறைக்க இயலாது; விளிம்பு வளையமாக எஞ்சும். இதைப் படத்துடன் விளக்கியிருந்தேன். எத்தனை மணிக்குத் தொடங்கும், எதன் வழியாகப் பார்க்கலாம் என்பதெல்லாம் கடைசிப் பத்தியில்!

கிரகணத்தன்று காலை ஒரு மாணவன் பழைய எக்ஸ்ரே படத்துடன் வானத்தைப் பார்க்க நின்றான். பதறிப்போய்ப் பிடுங்கினேன். எக்ஸ்ரே படம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைப் போதிய அளவு தடுக்காது. விழித்திரைக்கோ வலியை உணரும் நரம்பு கிடையாது; அது வெந்து போவது அப்போது தெரியாது. “என் கட்டுரையைப் படிக்கவில்லையா?” என்றேன். “திறந்தேன் சார். நேரத்தைத் தேடினேன். காணவில்லை, வேறு பக்கத்துக்குப் போய்விட்டேன்” என்றான்.

தவறு அவனுடையது அல்ல. ஆந்திரே புரோடர் என்ற கணிப்பொறி அறிவியலார், அந்நாளில் புகழ்பெற்றிருந்த அல்டாவிஸ்டா தேடுபொறிக்கு வந்த வினவல்களை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கணக்கில், ஒன்றை அறிந்துகொள்ளத் தேடியவை சுமார் 48 சதவீதம். ஏற்கெனவே தெரிந்த ஒரு தளத்துக்குப் போய்ச்சேர வழி கேட்டவை 20. வாங்குதல், பதிவிறக்குதல் போன்று ஏதேனும் செய்ய விரும்பியவை 30. என்னைக் கேட்டால், இவற்றுக்கிடையே சுவர் எழுப்ப முடியாது. ‘கிரகணக் கண்ணாடி’ என்று தேடுபவர் வாங்க வந்தவரா, அது பாதுகாப்பானதா என்று அறிய வந்தவரா?

‘ஏன்’, ‘எப்போது’, ‘விலை’ என்று துணைச்சொல் இருந்தால் நோக்கம் எளிதில் புலப்படும். தனிச் சொல்தான் சிக்கல். அப்போது அச்சொல்லை நீங்களே தேடி, முதலில் வரும் பத்துப் பக்கங்களைப் பாருங்கள். பெரும்பாலும் நேர அட்டவணைகளாக இருந்தால், மக்கள் கேட்பதும் அதுவே எனக் கொள்ளலாம். நாளையும் கவனியுங்கள். முதல் நாள் நேரம் கேட்டவரே, வளையத்தைக் கண்ட மறுநாள் அதன் காரணத்தைக் கேட்கக்கூடும்.

2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் மீண்டும் கங்கண கிரகணம் தெரியும். உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் அதற்கு ஒரு பக்கம் தயாரிப்பதானால், முதல் வரியில் உங்கள் ஊருக்குரிய நேரத்தைக் கொடுங்கள். அடுத்த வரியில், சூரியனைப் பார்ப்பதற்கென்றே தரச்சான்று பெற்ற வடிகட்டி தவிர எக்ஸ்ரே படம், புகையேற்றிய கண்ணாடி எதுவும் கூடாது என்று எழுதுங்கள். சந்திரனின் நீள்வட்டப் பாதை அதற்குக் கீழே வரட்டும்.