எஞ்சின் முள் நடுவில் நின்றாலும் கியர் பெட்டி கொதிக்கலாம்

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் கிழக்கே செல்லும் வாகனங்கள் கெந்திங் செம்பா வரை நீண்ட ஏற்றத்தைக் கடக்க வேண்டும். படகு ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு பிக்-அப் வண்டி அதில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். வெப்பமானி முள் நடுவில் நிற்கிறது. ஆனால் அது காட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை மட்டுமே. தானியங்கி கியர் பெட்டியில் உள்ள எண்ணெய் அதற்குள் ஆபத்தான சூட்டை எட்டியிருக்கலாம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைச் சுழலவிட்டால் அதன் காற்று மற்றொன்றையும் சுழற்றும். ஆனால் சற்று மெதுவாக. எஞ்சினுக்கும் கியருக்கும் இடையிலுள்ள ‘டார்க் கன்வெர்ட்டர்’ இப்படித்தான் இயங்குகிறது. காற்றுக்குப் பதில் அங்கே எண்ணெய். இந்த வேக வேறுபாடே நழுவல். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது நழுவல் கூடும். அதில் இழக்கப்படும் ஆற்றல் அழிவதில்லை. எண்ணெயில் வெப்பமாகச் சேர்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம்

எஞ்சின் 80 கிலோவாட் திறனைத் தருகிறது. அதில் 10 விழுக்காடு நழுவலில் போகிறது என்போம். அப்படியானால் வினாடிக்கு 8 கிலோஜூல் வெப்பம். ஒரு கிலோ எண்ணெயை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2 கிலோஜூல் தேவை. 10 கிலோவுக்கு 20 கிலோஜூல். எனவே 90 டிகிரி செல்சியஸிலிருந்து 120 டிகிரிக்கு உயர 600 கிலோஜூல் போதும். 600 ÷ 8 = 75 வினாடி! உண்மையில் உலோகப் பாகங்களும் எண்ணெய்க் குளிர்விப்பானும் வெப்பத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால் இவ்வளவு விரைவாகச் சூடேறாது.

சூடேறினால் என்ன?

வெப்பநிலை 10 டிகிரி கூடும்போது எண்ணெய் ஆக்ஸிஜனோடு வினைபுரியும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். 30 டிகிரிக்கு 2 × 2 × 2 = 8 மடங்கு. சிவப்பு எண்ணெய் பழுப்பாகி, தீய்ந்த வாடை வீசும். ரப்பர் அடைப்புகள் இறுகும். கிளட்ச் தகடுகள் வழுக்கும். வழுக்கினால் மேலும் வெப்பம்.

ஓட்டுநர் செய்ய வேண்டியவை

• கியர் பெட்டி எண்ணெய்க்குத் தனி வெப்பமானி பொருத்தலாம். அதன் உணரியில் சூடு ஏற ஏற மின்தடை குறையும்; அதை வைத்தே வெப்பநிலை கணிக்கப்படுகிறது.

• ஏற்றம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாற வேண்டும். அப்போது கன்வெர்ட்டரின் இரு பக்கங்களையும் இணைக்கும் பூட்டு கிளட்ச் பிடித்து நிற்பது எளிது. பூட்டு விழுந்தால் நழுவல் இல்லை.

• எண்ணெய் மட்டும் சூடேறியிருந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ‘பார்க்’ நிலையில் எஞ்சினை ஓடவிட வேண்டும். எஞ்சினை அணைத்தால் அது இயக்கும் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். சூடான எண்ணெய் குளிர்விப்பானுக்குப் போகாது.

சிந்தியுங்கள்: ஓட்டுநர் வேகத்தைக் குறைத்ததால் 40 கிலோவாட் மட்டுமே தேவைப்படுகிறது. நழுவல் இழப்பு அதே 10 விழுக்காடு என்றால், 75 வினாடி எவ்வளவாக மாறும்? (விடை: 150 வினாடி)