கூப்பிடுவது யார்?

அன்புள்ள யாழினி,

‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வை இனி ஜென்மத்துக்கும் கேட்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நியாயம்தான். பள்ளி ஆண்டு விழா, கொலு, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா என்று எங்கே போனாலும் ஏதோ ஒரு குழந்தை மயிற்பீலி செருகிக்கொண்டு அதற்கு ஆடுகிறது. இவ்வளவு புழங்கிய பாட்டு காதில் விழும், உள்ளே போகாது. அதை உள்ளே அனுப்ப ஒரு வழி சொல்கிறேன். அப்புறம் உன் இஷ்டம்.

முதலில் ராகத்தைக் கழற்றிவிட்டு வரிகளை மட்டும் வாசி. எழுதியவர் வியாசராயர், விஜயநகரக் காலத்தவர், புரந்தரதாசரின் குரு. பாதிக்கு மேல் அலங்காரப் பட்டியல்தான். கால் சதங்கை, விரல் மோதிரம், கழுத்து மாலை, காசிப் பட்டுப் பீதாம்பரம், புல்லாங்குழல், சந்தனம். கடைசிச் சரணத்தில் ஒரே தாவல்: தன் வாய்க்குள் தாய்க்கு உலகத்தைக் காட்டியவனாம் இந்தப் பொடியன். பல்லவி மட்டும் மாறாது. சீக்கிரம் வா, அவ்வளவுதான்.

சீக்கிரம் வரச்சொல்லும் பாட்டை எல்லோரும் நிதானமாகத்தான் பாடுகிறார்கள், கவனித்தாயா? யமன் கல்யாணியின் குழைவு, மிஸ்ர சாபுவின் மூன்றும் நாலுமான ஏழு எண்ணிக்கை, இரண்டும் சேர்ந்து தொட்டில் ஆடுவதுபோல் ஆகிவிடுகிறது. கேட்கிறவர்களும் தாலாட்டு என்றே முடிவுகட்டிவிட்டார்கள். உனக்குச் சலித்தது அந்தத் தாலாட்டு. பாட்டு அல்ல என்பது என் கட்சி.

சத்யஜித் ரே 1976-ல் எடுத்த ‘பாலா’ என்ற ஆவணப்படத்தைத் தேடிப் பார். அதில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி இந்தப் பாட்டுக்குக் கடற்கரையில் ஆடுகிறார். அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். உடம்பு கனத்திருக்கிறது, காற்று ஆடையைப் பிடித்து இழுக்கிறது, பின்னால் கடல். அந்த இடத்தில் போய் ஆடவிட்டாரே என்று ரேயைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மேடையில், நான்கு சுவருக்குள், ‘சீக்கிரம் வா’ என்பது கொஞ்சல். அலைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்து ஒரு வயதான பெண்மணி அதையே சொன்னால்? அதில் பயம் வந்துவிடுகிறது. நகைப் பட்டியலும் மாறிவிடுகிறது. எதிரே இல்லாத பிள்ளையை ஒவ்வோர் அங்கமாக நினைவில் கூட்டிச் சேர்க்கிற மாதிரி எனக்குப் படுகிறது. வாய்க்குள் உலகம் தெரியும் இடம் வரும்போது, அவ்வளவு பெரியதை ‘வாடா’ என்று கூப்பிட்டுவிட்டோமே என்ற திகைப்பும் கூடவே வருகிறது.

இது தற்செயலாக அமைவதல்ல. பாலா வீணை தனம்மாளின் பேத்தி. அம்மா ஜெயம்மாள் பாடகி. சங்கீதத்திலேயே ஊறியவர். பாடகர் ஒரே வரிக்குச் சங்கதி மேல் சங்கதி போடுவார் அல்லவா, அபிநயத்திலும் அதுதான் நடக்கிறது. ஒரே பல்லவி ஒரு தடவை கெஞ்சலாக, ஒரு தடவை பொய்க்கோபமாக, ஒரு தடவை வெண்ணெய் காட்டும் தந்திரமாக வரும். பார்க்கும்போது முத்திரையை விடு, கண்ணைப் பார்.

அடுத்து, 1996-ல் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் கலோனியல் கசின்ஸ் என்ற பெயரில் போட்ட பாட்டு. கிடார், நடுநடுவே ஆங்கிலம். சங்கீதக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஆங்கில வரிகள் சொல்வதைக் கேள்: உலகம் இருண்டு கிடக்கிறது, ராமனாகவோ ஏசுவாகவோ அல்லாவாகவோ, எந்தப் பெயரிலாவது வந்துவிடு. இப்போது கூப்பிடுவது யசோதை இல்லை. அடித்துக்கொண்டு ஓய்ந்துபோன ஜனங்கள். பல்லவியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஹரிஹரனின் குரல் கொஞ்சம் இனிப்பு அதிகம்தான், அது வேறு விஷயம்.

ஆக, புதுப் பதிப்பு என்று யாராவது நீட்டினால், தாளக்கட்டு மாறியதா, வயலினுக்குப் பதில் கீபோர்டா என்று முதலில் பார்க்காதே. கூப்பிடுகிற ஆள் மாறியிருக்கிறாரா, நிற்கிற இடம் மாறியிருக்கிறதா என்று பார். ரீல்ஸில் சுற்றும் பெரும்பாலான கவர்கள் அதே அம்மாவுக்குப் புதுப் புடவை கட்டிவிட்டதோடு சரி. அவற்றைக் கேட்டு உன் மனம் மாறவில்லை என்றால் தப்பு உன்மேல் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றாலும் சரி, தாராளமாகச் சொல். ஆனால் அதற்கு முன் இன்னொரு பாட்டு பாக்கி இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் வரும் ‘வருகலாமோ’. இதில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தீண்டாமையால் தில்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் உள்ளே வரட்டுமா என்று கேட்கிறார். மாஞ்சி ராகம், உருகாமல் பாடவே முடியாது. உருக்கத்திலேயே கேள்வி கரைந்துபோகிற அபாயமும் உண்டு. இரண்டு மூன்று பேர் பாடியதை அடுத்தடுத்துக் கேள். கேட்பது நடராஜரிடமா, வழியை மறித்து நிற்கிறவர்களிடமா? பாடுகிறவர் அதை முடிவு செய்துகொண்டுதான் பாடுகிறாரா? எந்த இடத்தில் உனக்கு அது தெரிந்தது என்று எழுது.

அன்புடன்,
பெரியம்மா