சாயக்கழிவு நின்ற பிறகும் கிணறு உப்பாகவே இருப்பது ஏன்?

கேள்வி: ஐயா, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அப்பா காலத்தில் மஞ்சளும் வாழையும் விளைந்த மண். இப்போது தென்னை மட்டும் நிற்கிறது, அதிலும் குரும்பை உதிர்கிறது. சாயப்பட்டறைகள் கழிவை வெளியே விடுவதில்லை என்கிறார்கள். நொய்யல் ஆற்றிலும் முன்பு போலக் கலர் தெரிவதில்லை. ஆனால் எங்கள் கிணற்றில் இன்னும் சப்பத் தண்ணிதான். ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் தேறுகிறது, சித்திரையில் பழையபடி ஆகிவிடுகிறது. இத்தனை வருடமாகியும் உப்பு ஏன் போகவில்லை? ஆர்.ஓ. மெஷின் போட்டால் தீருமா?

– ஒரு விவசாயி, காங்கயம் வட்டம்

பதில்: உங்கள் கிணற்றில் இருப்பது பெரும்பாலும் பழைய உப்பு. ஆற்றுக்குப் புதிதாக வருவது குறைந்திருக்கலாம். நிலத்துக்குள் இறங்கியதை வெளியேற்ற உங்கள் பகுதியில் இயற்கைக்கு வழி மிகக் குறைவு. தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போய்விடும், உப்பு ஆவியாகாது. நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில் அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் நனைந்த பருத்தி நூலின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. சாயமும் அதே மின்னூட்டம் கொண்டது. ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மறைத்துச் சாயத்தை நூலோடு சேர்க்கத்தான் சோடியம் சல்பேட்டையோ சாதாரண உப்பையோ கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 70, 80 கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒரு கிலோ கறுப்பு பனியன் துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு. அதாவது ஐந்தாறு டி-சர்ட்டுக்கு. அந்த உப்பில் எதுவும் துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் மொத்தமும் கழிவு நீரில் வந்துவிடும்.

நிறம் நம்மை ஏமாற்றும். சாயம் கரிமப் பொருள், அதைச் சிதைக்கப் பல வழிகள் உண்டு, நுண்ணுயிர்களும் ஓரளவு சிதைக்கும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. தெளிந்து ஓடும் தண்ணீரிலும் லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருக்கலாம். ஆற்றில் கலர் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது நொய்யலின் வெள்ளத்தைத் தேக்கிப் பாசனம் செய்யத்தான். ஆற்றில் அணைக்கு மேலே இருக்கும் திருப்பூரின் பனியன் தொழில் வேகமாக வளர்ந்த காலமும் அதுவே. வெள்ளிங்கிரி மலையிலிருந்து வரும் மழைநீருக்காகக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. ஓடும் ஆறாக இருந்திருந்தால் ஒரு பகுதியாவது காவிரிக்குப் போயிருக்கும் (அங்கே போவதும் நல்லதல்ல). தேங்கி நின்றதால் இரண்டு கேடு நடந்தது. வெயிலில் சுண்டச் சுண்ட உப்பு அடர்ந்தது. தேங்கிய நீரின் எடை அந்த உப்பை அணையைச் சுற்றியிருந்த நிலத்துக்குள் அழுத்தி இறக்கியது. கழிவைத் துளியும் வெளியே விடக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அதன் பிறகும் நிலைமை சரியாகாததால் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் உங்கள் நிலத்தடியில் ஏறக்குறைய இருபது வருட உப்பு சேர்ந்துவிட்டது.

இப்போது உங்கள் கிணற்றுக்கு வருவோம். தண்ணீரில் லிட்டருக்கு 4 கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் பாய்ச்சினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் இருக்கும் உப்பு 800 கிலோ. ஒரே ஒரு பாய்ச்சலில் 50 கிலோ மூட்டை பதினாறு மூட்டை உப்பை உங்கள் கையாலேயே நிலத்தில் பரப்புகிறீர்கள். பயிர் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, வெயில் மிச்சத்தை எடுத்துக்கொள்கிறது. உப்பு மண்ணில் நிற்கிறது. ஐப்பசி மழை அதைக் கரைத்து மறுபடி கிணற்றுக்கே கொண்டுபோகிறது. சித்திரையில் அதையே இறைத்து மறுபடி பாய்ச்சுகிறீர்கள். கிணற்றுக்கும் வயலுக்கும் நடுவே அதே உப்புதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நல்ல மழை இதைக் கழுவித் தள்ளாதா என்று கேட்பீர்கள். காங்கயம் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான். அடியில் கெட்டிப் பாறை இருக்கும் இப்படிப்பட்ட நிலத்தில் பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்கினாலே அதிகம். மிச்சம் ஆவியாகிறது அல்லது ஓடிவிடுகிறது. இறங்குகிற அந்தச் சிறு பங்கும் பாறை வெடிப்புகளில் வேகமாக ஓடுமே தவிர, சிதைந்த பாறையின் நுண்துளைகளில் தங்கியிருக்கும் உப்பு நீரைச் சட்டென்று வெளியே தள்ளாது. அங்கிருந்து உப்பு மெல்ல மெல்லக் கசியும். அதனால்தான் மழை முடிந்ததும் தேறி, கோடையில் பழையபடி ஆகிறது. புதிய கழிவு ஒரு சொட்டுக்கூட வராவிட்டாலும், தேற இன்னும் பல வருடங்கள் ஆகும். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் அடுத்த மழைக்குச் சரியாகிவிடும் என்று உங்களை நம்பவைப்பது அதைவிடப் பெரிய தவறு.

திருப்பூரில் இப்போது செய்யும் சுத்திகரிப்பையும் தெரிந்துகொள்ளுங்கள், ஆர்.ஓ. பற்றிய உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. உப்பையும் நீரையும் பிரிக்கச் சக்தி வேண்டும், உப்பு அடர அடர அதிகம் வேண்டும். ஆர்.ஓ. சவ்வு அழுத்தத்தால் நல்ல நீரைப் பிரித்தெடுக்கும். ஓர் அளவுக்கு மேல் அடர்ந்ததைச் சவ்வால் பிரிக்க முடியாது, கொதிக்கவைத்துத்தான் ஆக வேண்டும். ஆயிரம் லிட்டரை ஒரே கட்டத்தில் ஆவியாக்க விறகு பாய்லரில் சுமார் 200 கிலோ விறகு எரியும். ஒரு கட்டத்தின் ஆவியை அடுத்த கட்டத்துக்கு வெப்பமாகக் கொடுக்கும் எவாப்பரேட்டர்களில் இது ஐந்தில் ஒரு பங்காகக் குறையலாம். அப்படியும் ஆற்றுக்குப் போக இருந்த கேட்டில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாகக் காற்றுக்குப் போகிறது. பிரித்தெடுத்த சோடியம் சல்பேட் மறுபடி சாயத்துக்குப் பயன்படும். எதற்கும் உதவாத கலப்பு உப்பைக் கூரைக்கடியில் குவித்து வைத்திருக்கிறார்கள். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு வழி கண்டார்கள்: அடர்ந்த உப்பு நீரைச் சுத்தம் செய்து, கொதிக்கவைக்காமல் உப்பு நீராகவே சாயப்பட்டறைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அது எனக்குப் பிடித்த வேலை. இன்னும் ஒரு படி மேலே போய், உப்பே குறைவாகக் கேட்கும் சாயங்களுக்கு மாற வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் செலவைத் துணியை வாங்கும் நிறுவனங்கள் விலையில் ஏற்க வேண்டும். இதுவரை அந்தச் செலவை உங்களைப் போன்றவர்களின் கிணறுகள் ஏற்றிருக்கின்றன.

உப்பைப் பிரிக்க இவ்வளவு சக்தி வேண்டும், பிரித்த உப்புக்கும் போக்கிடம் வேண்டும். ஆகவே தோட்டத்துக்கு ஆர்.ஓ. வேண்டாம். குடிக்க மட்டும் போடலாம். ஆனால் அது ஒதுக்கும் தண்ணீர் உங்கள் கிணற்றைவிட உப்பானது. அதை மண் குழியில் விட்டால் நேராக மறுபடி கிணற்றுக்குத்தான் போகும். தரையும் சுவரும் பூசிய, ஆழமில்லாத தொட்டியில் விட்டுக் காயவையுங்கள்.

பாசனத்துக்கு நான் சொல்வது பண்ணைக் குட்டை. அடியில் தார்ப்பாய் விரித்து மழைநீரைப் பிடித்து, கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் லிட்டருக்கு 4 கிராம் என்பது 2 கிராம் அளவுக்கு இறங்கும். சொட்டுநீர் போட்டிருந்தால், ஈரம் முடியும் விளிம்பில் உப்பு வளையமாகப் படிந்திருக்கும். கோடை கழிந்து முதல் மழை தூறும்போது சொட்டுநீரை நிறுத்திவிடாதீர்கள், இல்லையென்றால் அந்த உப்பு வேருக்கே திரும்பி வரும். மண்ணைக் கட்டாயம் பரிசோதனைக்குக் கொடுங்கள். பி.எச். 8.5-ஐத் தாண்டி, சோடியமும் அதிகமாக இருக்கும் களர் மண்ணில்தான் ஜிப்சம் பயன் தரும். வெறும் உவர் மண்ணில் ஜிப்சம் கொட்டுவது வீண் செலவு. மழைக்காலத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள், அது உப்பையும் களரையும் ஓரளவு தாங்கும்.

நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, மார்கழியிலும் சித்திரைக் கடைசியிலும் கிணற்றை அளந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு அளவும் வருடாவருடம் இறங்கினால் நிலம் மெல்லத் தேறுகிறது என்று பொருள். சித்திரை அளவு திடீரென்று ஏறினால், மேலே யாரோ கழிவை விடுகிறார்களா என்று கேட்கும்போது உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு கிணற்றுக் கணக்கைத் தட்டிக்கழித்துவிடலாம், இருபது கிணற்றுக் கணக்கை அப்படித் தள்ள முடியாது.