கேள்வி கேட்கக்கூடிய புல்வெளி

அன்புள்ள கயல்விழிக்கு,

விடுமுறையில் இரண்டு நாள் நியூயார்க்கின் பெத்பேஜ் மாநிலப் பூங்காவுக்குப் போய் கோல்ஃப் ஆடலாம் என்று உன் தோழிகள் கூப்பிடுகிறார்கள், ஆனால் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருந்தாய். பூங்கா எல்லோருக்கும் சொந்தம், அதில் நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரு சிலரின் பந்தாட்டத்துக்கு வெட்டிக் கொடுப்பது என்ன நியாயம் என்பது உன் கேள்வி. நல்ல கேள்விதான். தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருத்திக்கு இது தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோல்ஃப் மைதானம் என்றால் கிளப்பின் மைதானம். உறுப்பினர் அல்லாதவர்களில் பெரும்பாலோர் அதைச் சாலையிலிருந்து பார்த்துக்கொண்டு போவார்கள். ஆனால் உன் கேள்வியை ஒரு தனியார் ரிசார்ட்டின் வாசலில் நின்று கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் கடமையில்லை. பெத்பேஜில் கேட்டால் மாநில அரசு பதில் சொல்லியாக வேண்டும். பொதுநிலத்தில் கோல்ஃப் மைதானம் இருக்கலாம் என்று நான் சொல்வதற்கு அடிப்படை இந்த வேறுபாடுதான்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். மன்ஹாட்டனிலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், லாங் ஐலண்டின் நடுவில் இருக்கிறது பெத்பேஜ். பனியுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன மணலும் கூழாங்கல்லும்தான் அந்தத் தீவு. அதனால்தான் மேடும் பள்ளமுமாக அலையலையான நிலம், அதன்மேல் ஓக் காடு. ஏறத்தாழ 1,500 ஏக்கர் பூங்காவில் பதினெட்டுக் குழி மைதானங்கள் ஐந்து இருக்கின்றன. கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறங்கள்தான் பெயர்கள். இவற்றில் மூத்தது பச்சை. அது 1923இல் ஒரு தனியார் கிளப்புக்காக அமைக்கப்பட்டது. 1930களில், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, ராபர்ட் மோசஸ் தலைமையிலான பூங்கா நிர்வாகம் அந்தக் கிளப் இருந்த எஸ்டேட்டைப் பொதுவுடைமை ஆக்கியது. வேலையிழந்தவர்களுக்கான நிவாரணத் திட்டத்தின் கீழ் ஆட்களை வைத்து மேலும் மூன்று மைதானங்களை வெட்டினார்கள். கறுப்பு மைதானம் 1936இல் திறந்தது. ஏ. டபிள்யூ. டில்லிங்ஹாஸ்ட் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் அதில் ஈடுபட்டார். அவர் பங்கு எவ்வளவு, பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த ஜோசப் பர்பெக்கின் பங்கு எவ்வளவு என்று இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. மஞ்சள் மைதானம் 1958இல் வந்தது. கிளப் ஒன்றின் வேலிக்குள் கிடந்த நிலம், நாடு கையில் காசில்லாமல் தவித்த காலத்தில், வேலையில்லாதவர்களின் கைகளால் மக்கள் மைதானமாயிற்று. செல்வர்களின் விளையாட்டுக்குப் பொதுநிலத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று நீ நினைப்பதற்கு இந்த வரலாறு நேர் எதிர்.

இன்றும் அது மக்கள் மைதானமாகவே நடக்கிறதா என்பதைக் கட்டணத்தையும் வரிசையையும் பார்த்துச் சொல்லலாம். நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு கட்டணம், வெளி மாநிலத்தவருக்கு ஏறத்தாழ இரு மடங்கு. இதே தரத்தில் உள்ள பல தனியார் கிளப் மைதானங்களில் பணம் இருந்தாலும் உறுப்பினர் ஒருவர் அழைக்காமல் உள்ளே போக முடியாது. கறுப்பு மைதானத்தில் ஆட முன்பதிவு கிடைக்காதவர்கள் முந்தைய நாளே வந்து, எண் போட்ட வாகன நிறுத்தங்களில் காரை நிறுத்தி, அதிலேயே படுத்துத் தூங்கி விடியலில் சீட்டு வாங்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்த வரிசையில் குழாய்ப் பணியாளருக்கு அடுத்து மருத்துவர் இருக்கலாம். முன்னால் வந்தவருக்கு முன்னிடம். கறுப்பு மைதானத்தில் ஆட்டக்காரர்களை ஏற்றிச்செல்லும் மின்வண்டியும் கிடையாது. யாராக இருந்தாலும் பையைச் சுமந்தோ தள்ளிக்கொண்டோ மேடு பள்ளங்களை நடந்துதான் கடக்க வேண்டும். 2002இல் அமெரிக்க ஓப்பன் போட்டி அங்கே நடந்தது. அரசு நடத்தும் பொது மைதானம் ஒன்றில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில் இலக்கு எண்ணிக்கைக்குக் கீழே வந்தவர் டைகர் வுட்ஸ் ஒருவர்தான். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைத் திணறடித்த அதே பதினெட்டுக் குழிகளைப் பின்னர் ஒரு பள்ளி ஆசிரியை ஆடலாம். வேறு எந்த விளையாட்டிலாவது இது நடக்குமா என்று யோசித்துப் பார்.

இங்கே நீ ஒரு தடை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பொது என்று பலகை மாட்டிவிட்டால் எல்லோரும் உள்ளே வந்துவிட முடியுமா? மோசஸ் பூங்காக்களுக்குப் போட்ட பார்க்வே சாலைகளில் பேருந்துகளுக்கு அனுமதியில்லை. கார் இல்லாத ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் தள்ளி வைக்கவே பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார் என்று ராபர்ட் காரோ 1974இல் வெளியான வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதினார். பாலங்களைப் பற்றிய அந்தக் குற்றச்சாட்டை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் காரில்லாதவருக்கு அந்தச் சாலை உதவவில்லை என்பதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. பொதுவுடைமை என்ற பெயரே நியாயத்தைக் கொண்டுவந்துவிடாது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அது கொண்டுவருவது வேறொன்று. அட்லாண்டா நகரில் 1951இல் ஹோம்ஸ் குடும்பத்தினர் நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்குப் போனபோது, கறுப்பர்கள் என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வழக்குத் தொடுத்தார்கள். 1955இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, நகராட்சி மைதானங்கள் திறந்தன. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் ஒன்றுதான்: அந்தப் புல்வெளி நகரத்துடையது, நாங்களும் இந்த நகரத்து மக்கள்தான். அதே ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா நேஷனல் என்ற தனியார் கிளப் இருக்கிறது, மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் இடம். அங்கே கறுப்பினத்தவர் ஒருவர் உறுப்பினராக 1990 வரை ஆயிற்று. பெண்கள் உறுப்பினராக 2012 வரை ஆயிற்று. ஒரே மாநிலம், ஒரே விளையாட்டு, முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி. பெண்களுக்கோ அதைவிடவும் அதிகம். பொதுநிலத்திலும் அநியாயம் நடக்கும். நடந்தால் அதை எங்கே போய் முறையிடலாம் என்பது தெரியும்.

உன் கடிதத்தின் இரண்டாவது பகுதி இதைவிடக் கடினமானது. கோல்ஃப் புல்லுக்குத் தண்ணீரும் உரமும் பூச்சிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் கொட்ட வேண்டியிருக்கிறதே என்று கேட்டிருக்கிறாய். லாங் ஐலண்டில் இது வெறும் கவலை அல்ல. நாசாவ், சஃபக் மாவட்டங்களின் குடிநீர் முழுவதும் காலடியில் இருக்கும் நிலத்தடி நீர்தான். பனிப்பாறை விட்டுப்போன மணல் என்று சொன்னேனே, அந்த மணல் வழியாக மேலே ஊற்றுவது விரைவில் கீழே இறங்கிவிடும். மைதானத்துக்கு அழகைத் தந்த நிலவியலே அதை ஆபத்தானதாகவும் ஆக்குகிறது. கோல்ஃப் மைதானத்தில் மருந்து அதிகம் விழுவது கிரீன் எனப்படும் குழியைச் சுற்றிய வட்டத்தில். அங்கே புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டுவார்கள். அவ்வளவு குட்டையாக வெட்டப்பட்ட புல் எப்போதும் நோயின் விளிம்பிலேயே வாழ்கிறது.

இதற்குப் பெத்பேஜில் என்ன செய்தார்கள் என்பதை உனக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் நான் மிகவும் மதிக்கும் சான்று இது. 2001இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சை மைதானத்தின் கிரீன்களைப் பிரித்துக்கொண்டார்கள். சிலவற்றில் வழக்கம்போல் மருந்தடித்தார்கள். சிலவற்றில் நோய் எவ்வளவு என்று பார்த்துத் தேவைக்கு மட்டும் அடித்தார்கள். சிலவற்றில் வேதிமருந்தே இல்லாமல் விட்டார்கள். பரிசோதனைக் கூடத்தில் அல்ல, மக்கள் தினமும் மிதித்து ஆடும் மைதானத்தில் இதைச் செய்தார்கள். மருந்தே இல்லாமல் விட்ட கிரீன்கள் ஆரம்ப ஆண்டுகளின் கோடையில் கருகின. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள். ஆனால் புல்லை வெட்டும் உயரத்தை மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்டி, நச்சு குறைந்த மருந்துகளையும் உயிரியல் முறைகளையும் சேர்த்து நடத்தியபோது, ஆட்டத்தின் தரம் அதிகம் குறையாமலே சுற்றுச்சூழல் பாதிப்பை வெகுவாகக் குறைக்க முடியும் என்று தெரிந்தது. அந்தப் பாடம் நியூயார்க் மாநிலப் பூங்காத் துறையின் மற்ற கோல்ஃப் மைதானங்களுக்கும் போனது. அப்படி இருபதுக்கு மேற்பட்ட மைதானங்கள் அந்தத் துறையிடம் உள்ளன. ஒரு கிளப் தன் கிரீன்கள் ஒரு கோடை முழுவதும் கருகிக் கிடக்கச் சம்மதிக்குமா? உறுப்பினர்கள் மேலாளரை மாற்றிவிடுவார்கள். அறிவுக்காகத் தோற்றுப் பார்க்கும் துணிவு பொது மைதானத்துக்கு இருந்தது, தோல்வியின் பயன் எல்லோருக்கும் கிடைத்தது. மருந்தே இல்லாத கோல்ஃப் வந்துவிட்டது என்று இதை வைத்து நான் சொல்லமாட்டேன். வரவில்லை.

எல்லா இடமும் பெத்பேஜ் போல நல்ல கதையும் அல்ல. கலிஃபோர்னியாவில் டாஹோ ஏரிக்குத் தெற்கே மாநிலத்துக்குச் சொந்தமான ஒரு பொழுதுபோக்குப் பகுதியில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. சியரா நெவாடா மலைகள் சூழ்ந்த புல்வெளி, நடுவே அப்பர் டிரக்கி ஆறு. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறுகளில் பெரியது அது. அதன் கரையோரமாகவே குழிகள். நேராக்கப்பட்ட ஆறு கரையை அரித்து, நுண்ணிய வண்டலை ஏரிக்குக் கொண்டு சேர்த்தது. டாஹோவின் பெயர்பெற்ற தெளிவைக் கெடுப்பவற்றில் அத்தகைய வண்டலும் ஒன்று. மாநிலம் 2012இல் ஒரு தீர்வு சொன்னது: ஆற்றைப் பழையபடி வளைய விடுவோம், அதற்காகக் குழிகளில் ஒரு பகுதியை எதிர்க்கரையிலுள்ள வாஷோ மெடோஸ் மாநிலப் பூங்காவுக்கு நகர்த்துவோம். ஆற்றைக் காப்பாற்ற இன்னொரு பூங்காவின் காட்டை வெட்டுவதா என்று உள்ளூர் மக்கள் நீதிமன்றம் போனார்கள். வரைவு அறிக்கையில் ஐந்து மாற்றுத் திட்டங்களை அடுக்கி, எதைச் செய்யப்போகிறோம் என்றே சொல்லாமல் மக்களிடம் கருத்துக் கேட்டது தவறு என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, அந்த அனுமதியைச் செல்லாததாக்கியது. அங்கே கோல்ஃப் மைதானம் அமைந்த இடமே தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆற்றங்கரைப் புல்வெளி ஆற்றுக்குரியது. ஆனால் அக்கம்பக்கத்தார் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்து, இது போதாது என்று வழக்குப் போட்டு வெல்ல முடிந்ததே, அது பொதுநிலம் என்பதால்தான்.

இன்னொரு தடையும் இருக்கிறது, அதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. ஒரு மைதானத்துக்கு நூற்றைம்பது ஏக்கர் போகிறது, அதில் ஒரு நேரத்தில் ஆடுபவர்கள் சில பத்துப் பேர். அதே நிலத்தில் எத்தனை குடும்பங்கள் உட்காரலாம்! ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரார் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே 1552ஆம் ஆண்டின் சாசனமே புல்வெளியில் ஆடும் ஊராரின் உரிமையைச் சொல்கிறது. உலகமே தேடி வரும் அந்தப் பழைய மைதானம் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டத்துக்கு மூடியிருக்கும். அன்று ஊரார் நாயோடும் குழந்தைகளோடும் அதில் உலாவுவார்கள். பெத்பேஜில் நடைபாதைகளும் சைக்கிள் தடங்களும் உணவு உண்ணும் திடல்களும் மைதானங்களுக்கு வெளியேதான். கறுப்பு மைதானம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கிறது, அது புல்லின் ஓய்வுக்காக. அந்த நாளில் ஒரு பகுதியையாவது நடப்பவர்களுக்குத் திறந்தால் என்ன என்று நான் கேட்பேன். 2025இல் அங்கே ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டி நடந்தபோது ஒரு ஆட்ட நாளின் நுழைவுச்சீட்டு சுமார் 750 டாலர். மக்கள் பூங்காவுக்குள் மக்களில் பெரும்பாலோர் வாங்க முடியாத சீட்டு. அதை எந்த வாதத்தாலும் நான் காக்க மாட்டேன். அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது மாநிலம் குறைந்த விலைச் சீட்டுகளுக்கு ஒரு பங்கு ஒதுக்கச் சொல்ல வேண்டும், சொல்லவும் முடியும்.

ஆகவே போய் வா. ஃபார்மிங்டேல் வரை ரயில் உண்டு, அங்கிருந்து பூங்கா அருகில்தான். முதல் முறை ஆடுகிறவள் கறுப்பு மைதானத்துக்கு ஆசைப்படாதே. தேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று அதன் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். மஞ்சளில் ஆரம்பி, மறுநாள் பச்சை. இலையுதிர் காலத்தில் போனால் ஓக் மரங்கள் நிறம் மாறியிருக்கும். பச்சை மைதானத்தின் கிரீன் ஒன்றில் பந்து உருளும் முன் குனிந்து அந்தப் புல்லை ஒருமுறை பார். எந்தக் கிரீனில் எந்த மருந்தை, எவ்வளவு அடிக்கிறீர்கள் என்று அங்கே வேலை செய்பவரிடம் கேள். அவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியம்மா